சர்வர் ஆன் ஆக ஏன் இவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன அலுவலகம், பள்ளிக்கூடம், மில், கிளினிக் என்று எங்கே போனாலும் ஒரு மூலையில் ஒரு சர்வர் உட்கார்ந்திருக்கும். பில்லிங், கணக்கு மென்பொருள், ஃபைல் ஷேரிங், பிரிண்டர் எல்லாம் அதை நம்பித்தான். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் அது எழுந்திருக்காது. இந்த ஒரே புகாரைப் பலரும் பல விதமாகக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். லினக்ஸ் பற்றிச் சொல்வதெல்லாம் உபுண்டு, டெபியன், ராக்கி போல சிஸ்டம்டி வைத்து ஓடுபவற்றுக்கு. கணினி எழும்போது (பூட்) சர்வீஸ்களை, அதாவது பின்னணியில் ஓடும் புரோகிராம்களை, கிளப்பி நடத்துவது இந்த சிஸ்டம்டிதான். விண்டோஸுக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

என் லேப்டாப் 15 செகண்டுல வந்துடுது. இவ்வளவு காசு போட்டு வாங்கின சர்வருக்கு 5 நிமிஷமா? இது நார்மலா?

பாதி நார்மல். சர்வர் பெட்டி லினக்ஸையோ விண்டோஸையோ தொடுவதற்கு முன்பே தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. எல்லா மெமரி ஸ்லாட்டுகளையும் பார்க்கும், பல டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டு அவற்றை ஒவ்வொன்றாக எழுப்பும், நெட்வொர்க் கார்டுகள் தங்கள் சின்ன புரோகிராம்களை ஓட்டும், போர்டிலேயே இருக்கும் மேலாண்மை சிப் பெட்டியில் என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கும். ரேக் சர்வரில் இதற்கே இரண்டு மூன்று நிமிடம் போவதில் ஆச்சரியம் இல்லை. அதற்குப் பிறகு, எஸ்எஸ்டி இருக்கும் பெட்டியில், ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் பார்க்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

ஒரு விதிவிலக்கு. டிடிஆர்5 மெமரி உள்ள பெட்டியில் ராம் மாற்றினாலோ கூடுதலாகப் போட்டாலோ, முதல் தடவை திரை கறுப்பாகவே பல நிமிடம் நிற்கும். மெமரியோடு ஒத்துப்போகும் நேர அளவுகளை போர்டு தேடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பதறிப்போய் பவர் பட்டனை அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

எந்த இடத்துல நேரம் போகுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

செல்போனை எடுத்துத் திரையை வீடியோ பிடியுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எந்த வரியில் எத்தனை நொடி நின்றது என்று அப்புறம் நிதானமாக ஓட்டிப் பார்க்கலாம். லாகில் விழாத, ஆபரேட்டிங் சிஸ்டம் வருவதற்கு முந்தைய பகுதிக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது.

லினக்ஸ் வந்தபிறகு ‘சிஸ்டம்டி-அனலைஸ்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால், ஃபர்ம்வேர் (போர்டின் சொந்த புரோகிராம்) இவ்வளவு, லோடர் (லினக்ஸை ஏற்றுவது) இவ்வளவு, கெர்னல் (லினக்ஸின் கரு) இவ்வளவு, யூசர்ஸ்பேஸ் (அதன்மேல் ஓடும் சர்வீஸ்கள்) இவ்வளவு என்று பிரித்துக் காட்டும். முதல் இரண்டும் யுஇஎஃப்ஐ என்ற புது ஃபர்ம்வேர் முறையில் பூட் ஆன பெட்டியில் மட்டும்தான் வரும், பழைய பயாஸ் முறையில் வராது. எந்த எண் பெரியதோ அங்கே தேடுங்கள். ஃபர்ம்வேரில் 3 நிமிடம் போகிற பெட்டியில் உட்கார்ந்து சர்வீஸ்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு நொடிகூட மிச்சமாகாது.

ஃபர்ம்வேர்லதான் நேரம் போகுது. அதைக் குறைக்க வழியே இல்லையா?

கொஞ்சம் உண்டு. பூட் வரிசையில் நெட்வொர்க் பூட் முதலில் இருந்தால், ஒவ்வொரு போர்ட்டிலும் டிஹெச்சிபி (ஐபி முகவரி கொடுக்கும் ஏற்பாடு) பதில் வருமா என்று காத்திருந்து, வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் டிஸ்குக்கு வரும். நான்கு போர்ட் கார்டு என்றால் நான்கு தடவை. அதை வரிசையில் கீழே தள்ளுங்கள், தேவையே இல்லை என்றால் அணைத்துவிடுங்கள். பயன்படுத்தாத கார்டுகளின் ஆப்ஷன் ரோமையும் (முதலில் சொன்ன சின்ன புரோகிராம்) அணைக்கலாம். மெமரி சோதனையை முழுதாக ஓட்டும்படி யாராவது அமைத்து வைத்திருந்தால் சாதாரண அளவுக்கு மாற்றலாம்.

இதற்கு மேல் அதில் கை வைக்க வேண்டாம் என்பேன். மாதம் ஒரு தடவை ரீபூட் ஆகிற பெட்டி அது.

பிளேம் பட்டியல்ல முதல்ல நிக்கறதைத் தூக்கிட்டா போதும்தானே?

எல்லோரும் விழுகிற குழி இதுதான். ‘சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்’ ஒவ்வொரு சர்வீஸும் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தும். ஆனால் சர்வீஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதில்லை, பல ஒரே நேரத்தில் ஓடும். 40 நொடி எடுத்த ஒன்று ஓரமாக ஓடிக்கொண்டிருந்திருக்கலாம், யாரும் அதற்காக நின்றிருக்க மாட்டார்கள். அதைத் தூக்கினாலும் பூட் நேரம் அப்படியே இருக்கும். பட்டியலில் மேலே நிற்கும் ‘பிளைமவுத்-க்விட்-வெயிட்’ என்பதைப் பிடித்துத் திட்டுபவர்கள் நிறைய. பூட் படத்தை எடுத்துவிட்டு லாகின் திரையைக் காட்டலாமா என்று மற்றவர்களுக்காக அது காத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

‘சிஸ்டம்டி-அனலைஸ் கிரிட்டிக்கல்-செயின்’ பாருங்கள். யாருக்காக யார் நின்றார்கள் என்ற சங்கிலி மரம்போல வரும். அட் குறிக்குப் பின்னால் இருப்பது அந்த சர்வீஸ் எப்போது தயாரானது என்பது. கூட்டல் குறிக்குப் பின்னால் இருப்பது அது தொடங்க எடுத்துக்கொண்ட நேரம். கூட்டல் குறிக்குப் பின்னால் பெரிய எண் எங்கே இருக்கிறதோ, அங்கே கை வையுங்கள்.

அது ஏன் சார் எப்பவும் கரெக்டா 1 நிமிஷம் 30 செகண்ட், இல்ல 2 நிமிஷம்னு ரவுண்டா நிக்குது?

நல்ல கேள்வி. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

உண்மையிலேயே வேலை செய்துகொண்டிருக்கிற கணினிக்கு ஒரு நாள் 47 நொடி ஆகும், அடுத்த நாள் 53 ஆகும். ஒவ்வொரு தடவையும் உருண்டையான எண்ணில் நின்றால் அது வேலை செய்யவில்லை, வராத ஒன்றுக்காகக் காத்திருந்து, கெடு முடிந்ததும் சலித்துப்போய்க் கிளம்பியிருக்கிறது. பிராசஸர் சும்மா இருக்கும், டிஸ்க் விளக்கு சிமிட்டாது. இதற்குப் போய் ராம் கூடப் போடுவதும் வேகமான டிஸ்க் வாங்குவதும் வீண் செலவு. மெதுவான பூட் என்று என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

அதனால் எண்ணைப் பார்த்தே ஆளை ஊகிக்கலாம். 5 அல்லது 10 நொடி என்றால், பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ் மீது சந்தேகப்படுங்கள். ஒரு தடவை கேட்டுவிட்டு 5 நொடி காத்திருப்பதும், இரண்டு தடவை முயல்வதும் லினக்ஸின் வழக்கம். 30 நொடி என்றால் நெட்வொர்க் ஸ்விட்ச்சாக இருக்கலாம். 90 நொடி என்றால் சிஸ்டம்டி ஒரு டிஸ்குக்கோ சர்வீஸுக்கோ கொடுக்கும் வழக்கமான கெடு. 60 என்றால் நெட்வொர்க்மேனேஜர், 120 என்றால் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, இரண்டுமே நெட்வொர்க் வருமா என்று வழி பார்ப்பவை. ஒவ்வொன்றாகக் கீழே வருகிறது.

“எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்”னு வந்து சிவப்பு நட்சத்திரம் இங்கயும் அங்கயும் ஓடிட்டே இருக்கு. என்ன பண்றது?

அந்த வரியின் மீதியைப் படியுங்கள். ‘டெவ்-டிஸ்க்-பை யுயுஐடி’ என்று தொடங்கி ஒரு நீளமான எண் இருக்கும். பக்கத்திலேயே 1 நிமிடம் 30 நொடி என்ற கெடுவும், அதில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதும் ஓடும். எந்த டிஸ்கை எங்கே இணைக்க (மவுண்ட்) வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதியிருக்கிற ஒரு டிஸ்க் பெட்டியில் இல்லை என்பதுதான் செய்தி. பழைய பேக்கப் டிஸ்கைக் கழற்றியிருப்பார்கள், பார்ட்டிஷனை மறுபடி ஃபார்மட் செய்ததில் அடையாள எண் மாறியிருக்கும். ‘பிஎல்கேஐடி’ கொடுத்தால் இப்போது இருக்கிற டிஸ்குகளின் எண்கள் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பொருந்தாத வரி தெரிந்துவிடும்.

90 நொடி முடிந்து எமர்ஜென்சி மோடில் (பழுது பார்க்க மட்டும் திறக்கும் திரை) போய் நின்றால் அது சாதாரண மவுண்ட். 90 நொடி முடிந்து ஒன்றும் நடக்காத மாதிரி பூட் ஆகிவிட்டால் அனேகமாக ஸ்வாப் (ராம் பத்தாதபோது டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) வரி. ஸ்வாப் இல்லாவிட்டாலும் சிஸ்டம் மேலே போகும், அதனால்தான் இதை ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. டெபியன், உபுண்டுவில் இதற்கு ஒரு தம்பியும் உண்டு. ஹைபர்னேட்டுக்காகக் குறித்து வைத்த பழைய ஸ்வாப்பைத் தேடி, இன்னும் ரூட் டிஸ்கே (சிஸ்டம் இருக்கிற டிஸ்க்) மவுண்ட் ஆகாத கட்டத்தில் 30 நொடி நிற்கும். பிறகு ‘கேவ் அப் வெயிட்டிங் ஃபார் சஸ்பெண்ட்/ரெஸ்யூம் டிவைஸ்’ என்று ஒரு வரி ஓடும். ரூட் டிஸ்க் வரும் முன் ஓடும் இனிட்ராம்எஃப்எஸ்ஸின் அமைப்பில் ரெஸ்யூம் என்பதற்கு ‘நன்’ என்று கொடுத்து, ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ ஓட்டினால் போய்விடும்.

கழற்றி மாட்டுகிற டிஸ்குகளுக்கு ‘நோஃபெயில்’ என்று சேர்த்துவிடுங்கள். இருந்தால் மவுண்ட் ஆகும், இல்லாவிட்டால் பூட் அதற்காக நிற்காது. ரூட் டிஸ்குக்கும் டேட்டாபேஸ் இருக்கிற டிஸ்குக்கும் மட்டும் இதைப் போடாதீர்கள். டிஸ்க் வராமலே டேட்டாபேஸ் காலி ஃபோல்டரில் எழுந்து நின்றால் அது வேறு தலைவலி. கோப்பைத் திருத்தியதும், ரீபூட் செய்வதற்கு முன்பு, ‘ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’ ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

எங்களுக்கு நெட்வொர்க் வெயிட் ஆன்லைன்னு 2 நிமிஷம் நிக்குது. அந்த சர்வீஸையே மாஸ்க் பண்ணிடலாமா? நெட்ல அப்படித்தான் போட்டிருக்கு.

மாஸ்க் என்றால் அந்த சர்வீஸ் எழவே முடியாதபடி தடுப்பது. பண்ணலாம், 2 நிமிடம் போய்விடும். ஆனால் அந்த சர்வீஸ் யாருக்காக நிற்கிறது என்று தெரிந்துகொண்டு பண்ணுங்கள். இன்னொரு கணினியின் ஃபோல்டரை (என்எஃப்எஸ் ஷேர்) மவுண்ட் செய்கிற பெட்டி, குறிப்பிட்ட ஐபி முகவரியில் மட்டும் கேட்கும்படி அமைத்த வெப் சர்வர், இவையெல்லாம் நெட்வொர்க் வந்தபிறகுதான் எழ வேண்டும். காத்திருப்பதை ஒழித்துவிட்டால் பூட் வேகமாகும், அப்புறம் சில நாள் மட்டும் வெப் சர்வர் வராது. எப்போதும் வராமல் இருப்பதைவிட சில நாள் மட்டும் வராமல் இருப்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

காரணம் பெரும்பாலும் எளிது. பெட்டியின் பின்னால் போய்ப் பாருங்கள்: இரண்டு அல்லது நான்கு போர்ட் இருக்கும், ஒன்றில்தான் கேபிள் இருக்கும். உபுண்டுவில் நெட்வொர்க்கை அமைக்கும் நெட்பிளான் கோப்பில் எல்லாப் போர்ட்டுகளுக்கும் டிஹெச்சிபி என்று எழுதியிருக்கும். கேபிளே இல்லாத போர்ட்டுக்கு ஐபி வருமா என்று பாவம் 2 நிமிடம் பார்க்கிறது. பயன்படுத்தாத போர்ட்டுகளின் கீழே ‘ஆப்ஷனல்: ட்ரூ’ என்று ஒரு வரி சேருங்கள், அல்லது அந்தப் பகுதியையே எடுத்துவிடுங்கள். காத்திருப்பு இருக்கும், வீண் காத்திருப்பு போய்விடும்.

கேபிளெல்லாம் சரியா இருக்கு. ஐபியும் வருது. ஆனா லைட் எரிஞ்சு அரை நிமிஷம் கழிச்சுதான் வருது. கார்டு போயிடுச்சா?

கார்டு நன்றாக இருக்கிறது, ஸ்விட்ச் யோசிக்கிறது. மேனேஜ்டு ஸ்விட்ச்சில் (அமைப்பை மாற்றக்கூடிய ரகம்) ஸ்பேனிங் ட்ரீ என்று ஒன்று ஓடும். இரண்டு ஸ்விட்ச்சுகளை யாராவது தெரியாமல் இரண்டு கேபிளால் இணைத்து வளையம் ஆக்கிவிட்டால் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும். அதைத் தடுக்க வந்தது. ஒரு போர்ட்டில் புதிதாக எது எழுந்தாலும் 15 நொடி கவனிக்கும், இன்னும் 15 நொடி கற்றுக்கொள்ளும், பிறகுதான் தகவலை விடும். விளக்கு எரியும், ஒன்றும் போகாது. அதற்குள் உங்கள் சர்வர் கேட்ட டிஹெச்சிபி கேள்விகள் எல்லாம் காற்றில் போயிருக்கும்.

சர்வர் மாட்டியிருக்கிற போர்ட்டை மட்டும் எட்ஜ் போர்ட் (பின்னால் வேறு ஸ்விட்ச் இல்லை, காத்திருக்க வேண்டாம்) என்று அமையுங்கள். சிஸ்கோவில் இதன் பெயர் போர்ட்ஃபாஸ்ட். விரைவு ரகமான ஆர்எஸ்டிபி ஓடினாலும் இதைச் செய்யத்தான் வேண்டும், இல்லையென்றால் கணினி மாட்டிய போர்ட் அதே 30 நொடியை எடுத்துக்கொள்ளும். ஸ்பேனிங் ட்ரீயையே மொத்தமாக அணைத்துவிடலாம் என்று ஒருவர் சொல்வார். கேட்காதீர்கள். இன்னொரு ஸ்விட்ச் மாட்டியிருக்கிற போர்ட்டிலும் எட்ஜ் வேண்டாம்.

கரண்ட் போய் வந்தா மட்டும்தான் இந்தப் பிரச்சினை. நாமா ரீபூட் பண்ணா டக்குனு வந்துடுது. ஏன்?

கரண்ட் வந்ததும் சர்வர், ஸ்விட்ச், ரவுட்டர், மோடம், என்ஏஎஸ் (நெட்வொர்க் டிஸ்க் பெட்டி) எல்லாம் ஒரே நொடியில் எழ ஆரம்பிக்கின்றன. டிஹெச்சிபி கொடுக்கிற ரவுட்டர் இன்னும் கண் திறக்கவில்லை, அதற்குள் சர்வர் ஐபி கேட்டுக் கெடு முடித்துவிடுகிறது. நீங்களாக ரீபூட் செய்யும்போது மற்றவை எல்லாம் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கின்றன, அதனால் பிரச்சினை தெரிவதில்லை. சர்வருக்கு நிலையான ஐபி கொடுங்கள். பயாஸில் கரண்ட் வந்தபிறகு இவ்வளவு நேரம் கழித்து எழு என்று சொல்லும் வசதி பல சர்வர்களில் உண்டு. இரண்டு நிமிடம் வைத்தால் போதும். மொத்தத்தில் தாமதமாக வருகிற மாதிரி தோன்றும், ஆனால் வரும்போது ஒழுங்காக வரும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் அணைந்த பெட்டிக்கு எழும்போது உண்மையான வேலை இருக்கும். ஃபைல் சிஸ்டம் தன் ஜர்னலை (மாற்றங்களின் குறிப்பேடு) ஓட்டிச் சரிபார்க்கும், டேட்டாபேஸ் பாதியில் நின்றவற்றை மீட்கும், சாஃப்ட்வேர் ரெய்டு இரண்டு டிஸ்கையும் ஒப்பிட்டுச் சரிசெய்யும். இங்கே நேரம் உருண்டையாக இருக்காது, டிஸ்க் விளக்கு விடாமல் எரியும். இதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். யுபிஎஸ் இருந்தும் இப்படி ஆகிறது என்றால் அதன் யுஎஸ்பி கேபிள் சர்வரில் மாட்டப்படாமலே இருக்கலாம். பேட்டரி தீரும் முன் சர்வரை முறையாக அணைக்க என்யுடி போன்ற ஒரு மென்பொருள் வேண்டும். யுபிஎஸ் வாங்கி வைத்தால் மட்டும் பத்தாது.

போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரியையும் பாருங்கள், சிஆர்2032. அது செத்திருந்தால் கரண்ட் போன ஒவ்வொரு தடவையும் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். கடைசியாக மவுண்ட் ஆன நேரம் எதிர்காலத்தில் இருக்கிறதே என்று லினக்ஸ் குழம்பி டிஸ்கைச் சோதிக்க ஆரம்பிக்கும். ரெய்டு கார்டின் பேட்டரி செத்தாலோ, சில பெட்டிகள் எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கும். கீபோர்டும் திரையும் இல்லாத சர்வரில் யார் அழுத்துவது? காலை வரை அப்படியே நிற்கும்.

விண்டோஸ் சர்வர். “அப்ளையிங் கம்ப்யூட்டர் செட்டிங்ஸ்”னு கால் மணி நேரம் நிக்குது. ராம் 64 ஜிபி இருக்கே?

ராமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தப் பெட்டி டொமைன் கன்ட்ரோலரா (அலுவலகக் கணினிகளின் லாகின்களை நடத்துவது) என்று முதலில் சொல்லுங்கள். ஆம் என்றால் நெட்வொர்க் கார்டில் டிஎன்எஸ் என்ன கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். கன்ட்ரோலர் வைத்திருக்கும் பயனர், கணினிப் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரி எழும்போது, தன் கூட்டாளி கன்ட்ரோலர்களோடு ஒரு தடவையாவது தகவலை ஒத்துப் பார்க்க விரும்பும். கூட்டாளி எங்கே என்று கண்டுபிடிக்க டிஎன்எஸ் வேண்டும். டிஎன்எஸ் சர்வர் அதே பெட்டியில் ஓடுகிறது, அதன் தகவல் ஆக்டிவ் டைரக்டரிக்குள் இருக்கிறது. ஆக, அது எழட்டும் என்று இதுவும், இது எழட்டும் என்று அதுவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஈவன்ட் வியூவரில் டிஎன்எஸ் சர்வர் லாகில் 4013 என்ற எண் விழுந்திருந்தால் கதை இதுதான்.

இரண்டு கன்ட்ரோலர்கள் இருந்தால் ஒவ்வொன்றின் முதல் டிஎன்எஸ் மற்றதாக இருக்கட்டும், 127.0.0.1 (அதன் சொந்த முகவரி) கடைசியில் வரட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் ரீபூட் செய்யாதீர்கள். கரண்ட் போய்த் தானாக அப்படி ஆனால் முந்தைய கேள்வியில் சொன்ன தாமதத்தை ஒரு பெட்டியில் மட்டும் வைக்கலாம். ஒரே கன்ட்ரோலர்தான் இருக்கிறது, ஆனாலும் நிற்கிறது என்றால், எப்போதோ செத்துப்போன இரண்டாவது கன்ட்ரோலரின் பெயர் இன்னும் டைரக்டரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாத அந்தக் கூட்டாளிக்காகத்தான் காத்திருக்கிறது. பழைய பெட்டியைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டால் டைரக்டரிக்கு அது தெரியாது, மெட்டாடேட்டா கிளீனப் செய்து பெயரை எடுக்க வேண்டும்.

பாதி அலுவலகங்களில் பார்க்கிற ஒன்று: இரண்டாவது டிஎன்எஸ் இடத்தில் ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று 8.8.8.8 போட்டிருப்பார்கள். உங்கள் டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்று கூகுளின் டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது. அது இல்லை என்று பதில் சொல்லும், விண்டோஸ் அதையும் நம்பும். வெளி டிஎன்எஸ் போக வேண்டிய இடம் டிஎன்எஸ் சர்வருக்குள் இருக்கும் ஃபார்வர்டர் பட்டியல் (தனக்குத் தெரியாத கேள்விகளை அது அனுப்பும் இடங்கள்). கார்டில் வேண்டாம், டொமைனில் சேர்ந்த மற்ற கணினிகளிலும் வேண்டாம்.

லினக்ஸ்லயும் டிஎன்எஸ்ஸால பூட் நிக்குமா?

நிற்கும், ஆனால் சின்ன சின்னத் துண்டுகளாக. சர்வரின் பெயரை மாற்றிவிட்டு, பெயரையும் ஐபியையும் எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மாற்றாமல் விட்டிருப்பார்கள். மெயில் சர்வர், வெப் சர்வர் போன்றவை எழும்போது ‘நான் யார்’ என்று தன் பெயரையே தேடும். பதில் சொல்ல ஆள் இல்லாத டிஎன்எஸ்ஸுக்கு அந்தக் கேள்வி போகும். மேலே சொன்ன 5 நொடிக் கணக்கில், இரண்டு டிஎன்எஸ் முகவரி இருந்தால் ஒரு பெயருக்கே 20 நொடி ஆகலாம். செண்ட்மெயில் என்ற மெயில் சர்வர் இதற்குப் பழங்காலத்திலிருந்தே பேர்போனது. நிர்வாகி அதிகாரத்தில் கட்டளை ஓட்ட சூடோ கொடுக்கும்போது ‘அனேபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட்’ என்று வந்தால் இது உறுதி. ஹோஸ்ட்ஸ் கோப்பில் சர்வரின் பெயரை ஒரு வரி எழுதினால் முடிந்தது.

பூட் ஆயிடுது, பிங்கும் போகுது. எஸ்எஸ்ஹெச்ல லாகின் மட்டும் இழுக்குது. இதுவும் அதேதானா?

எஸ்எஸ்ஹெச் என்பது தூரத்திலிருந்து சர்வருக்குள் லாகின் செய்யும் வழி. இது பூட் பிரச்சினை இல்லை, டிஎன்எஸ் குடும்பம்தான். நீங்கள் வரும் ஐபிக்குப் பெயர் என்ன என்று சர்வர் தேடுகிறது. ஓபன்எஸ்எஸ்ஹெச் 6.8 முதல் ‘யூஸ்டிஎன்எஸ்’ தானாகவே அணைந்துதான் இருக்கும், பழைய பதிப்பு என்றால் அணையுங்கள். ‘ஜிஎஸ்எஸ்ஏபிஐ ஆதென்டிகேஷன்’ (டொமைன் கணக்கால் லாகின் செய்வது) தேவையில்லை என்றால் அதையும். கிளையன்டில் எஸ்எஸ்ஹெச்சோடு ‘-வி’ சேர்த்து ஓட்டினால் எந்த வரியில் நிற்கிறது என்று தெரியும்.

விஎம்ல லினக்ஸ் பூட் ஆகும்போது கீபோர்டைத் தட்டிக்கிட்டே இருந்தா வேகமா வருதாமே. புரளிதானே?

புரளி இல்லை. ரகசிய சாவிகள் உருவாக்க லினக்ஸுக்கு யாரும் ஊகிக்க முடியாத எண்கள் வேண்டும். அந்தத் தற்செயலை கீபோர்ட் தட்டல், டிஸ்க் அசைவு, நெட்வொர்க் வருகை போன்றவற்றிலிருந்து சேகரிக்கும். விஎம்மில் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) கீபோர்ட் தட்ட ஆளில்லை, டிஸ்கும் கற்பனை. 2018 வாக்கில் பாதுகாப்பை இறுக்கியபோது, போதுமான தற்செயல் சேரும் வரை சில சர்வீஸ்கள் பூட் நேரத்திலேயே நின்றன. எஸ்எஸ்ஹெச் வர நிமிடக்கணக்கில் ஆனது. யாராவது கன்சோலில் நாலு தட்டு தட்டினால் கிளம்பிவிடும். 2019 நவம்பரில் வந்த 5.4 கெர்னலில், பிராசஸரின் நேர நடுக்கத்திலிருந்தே தற்செயலை எடுத்துக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள். இப்போதைய பதிப்புகளில் இது கிடையாது.

பழைய கெர்னலில் மாட்டிக்கொண்டவர்கள் கெர்னல் லாகில் ‘சிஆர்என்ஜி இனிட் டன்’ (போதுமான தற்செயல் சேர்ந்துவிட்டது) என்ற வரி எத்தனையாவது நொடியில் விழுகிறது என்று பாருங்கள். தாமதமாக விழுந்தால் விஎம்முக்குத் தற்செயலைக் கொடுக்கும் விர்ட்ஐஓ ஆர்என்ஜி சாதனத்தைச் சேருங்கள். டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வர் மட்டும் தாமதமாக வருகிறது, அதன் லாகில் ‘செக்யூர்ரேண்டம்’ உருவாக்க இவ்வளவு மில்லி செகண்ட் ஆனது என்று பெரிய எண் இருக்கிறது என்றால் அதுவும் இதே கதையின் ஜாவா பாகம்.

டேட்டாபேஸ் 90 செகண்ட்ல ஃபெயில்னு வருது, மறுபடி ஸ்டார்ட் ஆகுது, மறுபடி ஃபெயில். ராத்திரி பூரா இதே. ஐபி லாக்ஃபைலை அழிச்சா சரியாகும்னு சொல்றாங்க.

அழிக்காதீர்கள். இங்கே ஐபி என்றது நெட்வொர்க் முகவரி இல்லை, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் லாக் கோப்புப் பெயரில் வருவது. அந்த லாக் கோப்புகளில்தான் கரண்ட் போனபோது பாதியில் நின்ற பில்களும் வரவுகளும் இருக்கின்றன. அதை வைத்துத்தான் டேட்டாபேஸ் தன்னை மீட்டுக்கொள்கிறது. அழித்தால் வேகமாக எழலாம், எழாமலே போகலாம், எழுந்தும் கணக்கு இடிக்கலாம்.

இங்கே நடப்பது உருண்டை எண் விதிக்குத் தலைகீழ். டேட்டாபேஸ் உண்மையாகவே வேலை செய்துகொண்டிருக்கிறது, சிஸ்டம்டிதான் 90 நொடிக்கு மேல் பொறுக்காமல் அதைக் கொன்றுவிடுகிறது. மறுபடி எழுந்து மீட்பை ஆரம்பிக்கிறது, மறுபடி கொல்லப்படுகிறது. ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ மூலம் அந்த சர்வீஸுக்கு மட்டும் ‘டைம்அவுட்ஸ்டார்ட்செக்’ என்பதை ‘இன்ஃபினிட்டி’ ஆக்குங்கள். பிறகு ஒரு தடவை ஸ்டார்ட் கொடுத்துவிட்டு, டேட்டாபேஸின் சொந்த எர்ரர் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். மீட்பு நகர்கிறது என்று அதில் தெரியும். சில லினக்ஸ் வகைகளின் பேக்கேஜில் இது ஏற்கனவே தளர்த்தப்பட்டிருக்கும், ‘சிஸ்டம்சிடிஎல் ஷோ’ கொடுத்தால் உங்கள் பெட்டியில் எவ்வளவு என்று காட்டும்.

அப்போ மத்த எல்லாத்துக்கும் டிஃபால்ட் டைம்அவுட்டை 10 செகண்டா குறைச்சிட்டா பிரச்சினை தீர்ந்துடுமே?

முந்தைய பதிலில் நடந்தது எல்லா சர்வீஸுக்கும் நடக்கும். நல்ல நாளில் 8 நொடியில் வருகிற சர்வீஸ், டிஸ்க் மும்முரமாக இருக்கிற நாளில் 12 நொடி எடுத்து, கொல்லப்படும். ரெய்டு கார்டுக்குப் பின்னால் சுற்றுகிற டிஸ்குகள் தயாராகவே 10 நொடிக்கு மேல் எடுக்கலாம். யார் வீணாக நிற்கிறார்களோ அவர்களுக்கு மட்டும் கெடுவைக் குறையுங்கள்.

எதையும் மாத்தல, எந்த கேபிளும் கழட்டல. போன மாசம் வரை நல்லா வந்தது, இப்ப கெர்னல் கட்டத்துலயே நிக்குது.

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் அவசரப்படுவேன். கெர்னல் லாகைத் திறந்து ‘ஏடிஏ’ என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். ‘லிங்க் இஸ் ஸ்லோ டு ரெஸ்பாண்ட், ப்ளீஸ் பி பேஷன்ட்’ என்று கெர்னலே உங்களைப் பொறுமையாக இருக்கச் சொல்லியிருந்தால், அல்லது ‘காம்ரீசெட் ஃபெயில்டு’ என்று இருந்தால், ஒரு டிஸ்க் சாகப் போகிறது, அல்லது அதன் கேபிள் தளர்ந்திருக்கிறது. பெட்டி இப்போது ஓடிக்கொண்டிருந்தால் அணைக்காதீர்கள். அணைத்தால் அந்த டிஸ்க் மறுபடி சுற்றாமலே போகலாம். ஓடுகிற நிலையிலேயே முதலில் பேக்கப் எடுங்கள், அது முடிந்ததும் டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ ஓட்டி ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டு மாற்றப்பட்ட இடம்), பெண்டிங் செக்டர் (சந்தேகமான இடம்) எண்களைப் பாருங்கள். அதற்கப்புறம்தான் கேபிளை மாற்றுவதும் டிஸ்கை மாற்றுவதும்.

ஸ்லோவா வந்தாலும் வந்துடுதே. ரீபூட்டே பண்ணாம வருஷக்கணக்கா ஓட்டினா என்ன?

ஓட்டலாம், பலர் ஓட்டுகிறார்கள். கெர்னல் பாதுகாப்புத் திருத்தங்கள் ரீபூட் செய்யாமல் பெரும்பாலும் அமலுக்கு வராது என்பது ஒன்று. அதைவிட, இடைப்பட்ட காலத்தில் எஃப்எஸ்டேப்பில், நெட்பிளானில், டிஎன்எஸ்ஸில் செய்த மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து, கரண்ட் போன ஏதோ ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரே நேரத்தில் வெளிவரும். எது எப்போது மாறியது என்று அன்றைக்கு யாருக்கும் நினைவிருக்காது.

அமைப்பில் கை வைத்த அன்றைக்கே, எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு ஒரு தடவை ரீபூட் செய்து பாருங்கள். ‘சிஸ்டம்டி-அனலைஸ்’ காட்டும் வரியைத் தேதியோடு ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். அடுத்த தடவை ‘ரொம்ப நேரம் ஆகுது’ என்று யாராவது சொன்னால், முன்பு எவ்வளவு ஆனது என்று அதில் பார்த்துச் சொல்லலாம்.